ஓங்கிய கை

அந்தக் கை ஓஸ்ரெனுக்குத் துல்லியமாக நினைவிருந்தது. காற்று முழுக்க வெள்ளையாகப் பூச்சிகள். அதற்குள்ளிருந்து வலது கை ஒன்று எழும்பி, விரல்களை விரித்துக்கொண்டு, அவன் முகத்துக்கு ஒரு முழ தூரம் வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் லத்தியை இறக்கினான். யார் கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்வான். கேட்பவர் போலீஸ்காரராக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், ஏனென்றால் சட்டத்துக்குப் பிடித்த வரிசையும் இதுதான்.

ஜூன் மூன்றாவது வாரம், செர்பியாவின் வடக்கே ஓடுகிற திஸா பூத்தது. ஆறு பூக்கிறது என்று சொல்வார்களே தவிர, அது பூ இல்லை. மூன்று வருஷம் கரைக் களிமண்ணுக்குள் புழுவாகக் கிடந்துவிட்டு, ஒரு சாயங்காலம் சிறகு முளைத்து மேலே வந்து, இருட்டுவதற்குள் செத்துப்போகிற ஜீவன். பார்க்க ஈசலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும். விரல் நீளம், பின்னால் நூல் மாதிரி வால். வருஷத்தில் நாலைந்து மாலைதான். ஒரு பீர் பாட்டிலுக்கு உருண்டு புரண்டு சண்டை போடுகிற ஊர் அது. அந்த நாலைந்து மாலை மட்டும் எல்லாரும் படித்துறையில் வரிசையாக உட்கார்ந்து, தூங்கும் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் மாதிரி கிசுகிசுவென்று பேசுவார்கள்.

அப்படிப்பட்ட மாலையில், ஏழு மணிக்கு, ஒரு லாரி டிரைவர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான். பாலத்து முனையில் ஒரு கிழவன் நடுரோட்டில் நின்றுகொண்டு வண்டிகளை விடமாட்டேன் என்கிறான், வந்து என்னவென்று கேளுங்கள் என்றான். அந்தக் கிழவர் பெயர் அம்ப்ருஷ். ஒவ்வொரு வருஷமும் பூக்கும் நாளில் அங்கே நிற்பார். தண்ணீர் என்று நினைத்துத் தார் ரோட்டில் வந்து விழுகிற பூச்சிகளை டயர்கள் நசுக்கக்கூடாது, நசுங்கிய வழுக்கலில் யாரும் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி ஆற்றில் போகக்கூடாது, இரண்டுக்கும் சேர்த்துத்தான். ஸ்டேஷனில் பழைய ஆட்களாக இருந்திருந்தால், சரி பார்த்துக்கொள்கிறோம் என்று போனை வைத்துவிட்டு, அவருக்கு ஒரு கப் காபி கொடுத்தனுப்பியிருப்பார்கள். இது எங்கேயும் எழுதி ஒட்டப்படவில்லை. ஓஸ்ரென் நெடுஞ்சாலைப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது புது ஆளைக் கூப்பிட்டுச் சொல்வார்களா? அம்ப்ருஷைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

ரோந்து வண்டியில் அவனோடு திமேயா இருந்தாள். அதே ஊர்க்காரி, வேலைக்கு வந்து நாலு வருஷம். போனை எடுத்தவன் ஓஸ்ரென்; பாலத்தில் கலாட்டா என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தான். பாலத்துக்கு வந்தால், பூச்சி மழையில் எதிரே எவன் நிற்கிறான் என்றே தெரியவில்லை. ஒரு முனையில் கலாட்டா என்றால் மறுமுனையில் வண்டிகளை நிறுத்தவேண்டும் என்பது முறை. அவள் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். அவன் இந்தப் பக்கம் இறங்கி நடந்தான்.

அந்த நடை அவனுக்குக் கனவில் நடந்த மாதிரியே இப்போதும் இருக்கிறது. தொப்பியின் மேல், உதட்டின் மேல், இமை முடியின் மேல் பூச்சிகள். ஒவ்வொன்றும் எடையே இல்லாமல் வந்து உட்கார்ந்து, ஈரமாக ஏதோ யோசித்துவிட்டுப் போயிற்று. காலடியில் மெத்தென்று இருந்தது. லாரியின் ஹாரன்கூட எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. வெளிச்சம் பால் கலந்தது போல இருந்தது, அதற்குள் ரோட்டு நடுவில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு ஆள். இடது கை மட்டும், நில் என்று காட்டியபடி நீண்டிருந்தது. மற்றது கோட்டுப் பாக்கெட்டுக்குள்.

"ரோட்ட விட்டு நகருங்க."

"ஒரு மணி நேரம், தம்பி. இதுங்களுக்கே அவ்வளவுதான் ஆயுசு."

"நகருங்கன்னு சொன்னேன்."

"நீயும் நில்லு. நல்லா இருக்கும்."

ஓஸ்ரெனின் கண் பாக்கெட்டுக்குப் போயிற்று. பதினேழு வருஷம் பழகிய கண், போகாமல் என்ன செய்யும்? நூறு மீட்டர் தள்ளி வருகிற வண்டியின் நம்பரைப் படித்துவிடுவான். இந்தக் கண்தான் எனக்குச் சோறு போடுது என்று அடிக்கடி சொல்வான். பாக்கெட்டில் ஒளிந்த கையில் கத்தி இருக்கலாம் என்று அவனுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"பாக்கெட்ல இருக்கிற கைய வெளிய எடுங்க."

கிழவர் சிரித்த மாதிரி இருந்தது. பூச்சி மறைத்தது.

"கைய வெளிய எடு."

பிறகு அந்தக் கை. பிறகு லத்தி. காய்ந்த சுள்ளி ஒன்று ஒடிகிற சத்தம். அம்ப்ருஷ் முனகாமல் உட்கார்ந்தார், அப்புறம் சாய்ந்தார். விலங்கு போடும்போது வலது கை எந்தத் தகராறும் செய்யாமல், நனைந்த துணி மாதிரி கூடவே வந்தது. நல்லவேளை, அடங்கிவிட்டான் என்று ஓஸ்ரென் நினைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வந்தது, கதவைச் சாத்தியது, போயிற்று. திமேயா பாலத்தைக் கடந்து திரும்பி வந்தபோது ரோட்டில் ஒரு தொப்பி மட்டும் கிடந்தது. அதன் மேல் பத்துப் பதினைந்து பூச்சிகள் செத்துக்கொண்டிருந்தன.

பலத்தைப் பயன்படுத்தினால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை கொடுக்கவேண்டும். அதன் அடியில் மேலதிகாரி ஒரு கட்டத்தில் "நியாயமானது, முறைப்படி நடந்தது" என்றோ, அதற்கு மாறாகவோ எழுதிக் கையெழுத்திடவேண்டும். மாறாக எழுதப்பட்டதை அந்த ஸ்டேஷனில் யாரும் பார்த்ததில்லை. ஓஸ்ரென் அன்று இரவே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அவனிடம் ஒரு பழைய மாதிரி அறிக்கை இருந்தது. முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஸ்டேஷனில் எல்லாரும் பயன்படுத்தியது, யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. பெயரும் தேதியும் மாற்றினால் போதும். அதன் நடுவே ஒரு வாக்கியம் வரும்: "மேற்படி நபர் திடீரென்று தன் வலது கையை அதிகாரியின் முகத்தை நோக்கி ஓங்கினார்." எந்த மேலதிகாரியும் இதுவரை அந்த வாக்கியத்தைத் திருப்பி அனுப்பியதில்லை. ஓஸ்ரென் தன் காலத்தில் பத்தொன்பது முறை அதை எழுதியிருக்கிறான். இது இருபதாவது.

எழுதும்போது பொய் எழுதுகிறோம் என்ற எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. இதை நம்பத்தான் வேண்டும். கண்ணை மூடினால் கை தெரிந்தது, பிறகென்ன?

மறுநாள் காலை திமேயா அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு காபி குடித்தாள். சாட்சியாக அவளும் கையெழுத்துப் போடவேண்டும்.

"எங்கண்ணே போடணும்?"

"கடைசிப் பக்கம். நீ அந்தப் பக்கம் இருந்தன்னு எழுதியிருக்கேன். ஒண்ணும் பாக்கலன்னு போட்டுக்கோ."

அவள் போடவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். காபி ஆறியது.

"அண்ணே, வலது கைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"வலது கையவா ஓங்குனாரு?"

"பின்ன? எழுதியிருக்குல்ல."

"அவரு அம்ப்ருஷ், அண்ணே. யாருன்னு எனக்கே வீட்டுக்குப் போனப்புறம் அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. அவருக்கு வலது கை வேலை செய்யாது."

"கொஞ்சம் வலி இருந்தா என்ன, ஓங்குறதுக்கு..."

"வலி இல்லண்ணே. ஒண்ணுமே இல்ல. நான் ஸ்கூல் போறப்ப மணல் அள்ளுற படகுல கயிறு சுத்தி இழுத்துருச்சு. அப்பலேர்ந்து தொங்கும். ஆடிக்கிட்டே இருந்தா தோள் வலிக்கும்னு பாக்கெட்டுல வச்சுக்குவாரு. உள்ள என்ன மிட்டாயான்னு நாங்க கேலி பண்ணுவோம். அவரும் ஒரு நாள் மிட்டாய் வாங்கிப் போட்டுட்டு, நீங்களே எடுத்துக்குங்க, அவன் தூங்குறான்னாரு."

ஓஸ்ரெனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரே சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல ஒரு கோபம்.

"நான் பாத்தேன்" என்றான்.

"இன்னொண்ணு. வலது கைய ஓங்கினவருக்கு இடது காறை எலும்பு எப்படிண்ணே உடைஞ்சுது?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டம் பொருந்தவில்லை என்கிற மாதிரிதான் கேட்டாள். கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

பத்து மணிக்கு நிலைய அதிகாரி மிலுதீன் கூப்பிட்டார். ஜன்னலோரம் ஐந்து தொட்டிகளில் தக்காளி வளர்க்கிற மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுவார்.

"கதவச் சாத்து. உக்காரு. அம்ப்ருஷையாய்யா அடிச்ச?"

"யாருன்னு தெரியாது சார்."

"தெரிஞ்சு அடிச்சிருந்தாத்தான் உன்ன இங்கயே வச்சுப் பூட்டியிருப்பேன்." அறிக்கையைத் தட்டினார். "ஒரே ஒரு வார்த்தை. வலதுங்கறத எடு, இடதுன்னு போடு. இடது கை நல்லாத்தானே இருந்துச்சு."

இருந்தது என்று அவர் சொன்னது தற்செயல்தான். ஆனால் ஓஸ்ரென் அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டான். நேற்று ஏழு மணி வரைக்கும் நன்றாக இருந்த ஒரே கை.

"மாத்தலேன்னா?"

"மாத்தலேன்னா இது பொய் ரிப்போர்ட்டு. விசாரணைக்கு வெளியூர்லேர்ந்து ஆள் வருவான். டாக்டர் சீட்ட ஒரு பக்கம், இத ஒரு பக்கம் வச்சுப் பாப்பான். சஸ்பெண்டு, அப்புறம் கோர்ட்டு. பதினேழு வருஷம் ஆத்தோட போயிரும். மாத்துனா நான் நியாயமானதுன்னு எழுதி அனுப்பிருவேன். கிழவனும் புகார் குடுக்கிற ஆள் இல்ல."

"நிஜமா என்ன நடந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்."

"கேட்டா நீ சொல்லுவ. சொன்னா நான் எழுதணும். எதுக்கு ரெண்டு பேருக்கும் வேலை? ஏழு மணி வரைக்கும் டைம் இருக்கு, போ."

ஓஸ்ரென் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்தான். வலது என்பதை அழித்து இடது என்று அடித்தான். இவ்வளவுதான், அரை நிமிஷ வேலை. சரிபார்ப்பதற்காகக் கண்ணை மூடினான்.

இடது கை ஓங்கியது. பூச்சிகளுக்குள்ளிருந்து, விரல்களை விரித்துக்கொண்டு, முகத்துக்கு ஒரு முழ தூரத்தில். நகத்தில் அழுக்குகூடத் தெரிந்தது. அப்பாடா, இடதுதான் போலிருக்கிறது, நான்தான் குழப்பிக்கொண்டேன் என்று நினைத்து ஒரு கணம் அவன் சந்தோஷப்பட்டான்.

அப்புறம் ஏனோ அவன் விரல்கள் சும்மா இருக்கவில்லை. இடது என்பதை அழித்து "இரண்டு கைகளையும்" என்று அடித்தான். கண்ணை மூடினான். இரண்டு கைகளும் ஓங்கின. "கையில் இருந்த கம்பை" என்று அடித்தான். கம்பு வந்தது. ஆற்றோரம் வளர்கிற வில்லோ மரக் கம்பு, பட்டை உரித்தது, நுனியில் ஒரு கணு. "துடுப்பை" என்று அடித்தான். ஈரம் சொட்டச் சொட்டத் துடுப்பு எழும்பியது, அதன் மேல் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. அவன் எதை எழுதினாலும் அந்த மாலை உடனே எழுந்து அதைச் செய்து காட்டிற்று, உத்தரவு கேட்டுச் சேவகம் செய்கிற வேலைக்காரன் மாதிரி. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே நாரை ஒன்று தந்திக் கம்பத்தின் மேல் அலகைத் தட்டிக்கொண்டிருந்தது. ஓஸ்ரென் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டான். தன் கண்ணை நம்பிப் பிழைப்பு நடத்திய மனிதனுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டரில் அறிக்கையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. சீருடைச் சட்டையைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு, பனியனோடு வெயிலில் நடந்தான்.

எலும்பு வார்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அம்ப்ருஷ் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை தோளோடு சேர்த்து மார்பில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வலது கை போர்வையின் மேல், யாரோ வந்து மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. ஒரு நர்ஸ் பட்டாணிக் குழம்பை ஊட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பி ஓஸ்ரெனைப் பார்த்தாள்.

"சொந்தக்காரரா? நல்லதாப் போச்சு. இந்தாங்க. ரொட்டியத் தொட்டுக் குடுங்க, அப்படியே குடுத்தா மெல்ல மாட்டேங்கறாரு" என்று ஸ்பூனைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ஓஸ்ரென் உட்கார்ந்து ஒரு ஸ்பூன் எடுத்தான்.

"ஊதிக் குடு தம்பி, சூடு" என்றார் அம்ப்ருஷ். செர்பிய மொழியை ஹங்கேரிய இழுவையோடு, ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் தாலாட்டிவிட்டு அனுப்புவார்.

ஊதிக் கொடுத்தான். அவர் விழுங்கினார். இன்னொன்று கொடுத்தான். மூன்றாவதில் கொஞ்சம் தாடையில் வழிந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை. அவன் துடைத்தான். அப்போதுதான் அவன் செய்தது முழுசாக அவனுக்கு உறைத்தது. ஒரு மனிதனிடம் இருந்த ஒரே கையை எடுத்துவிட்டோம், இனி இரண்டு மாதம் இவர் தன் மூக்கைச் சொறியக்கூட யாரையாவது கூப்பிடவேண்டும்.

"நேத்துக் கத்துனது நீதானே?" என்றார் அம்ப்ருஷ், மென்றுகொண்டே.

ஓஸ்ரென் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தான்.

"வைக்காத, குடு. குரல்லயே தெரிஞ்சுது. மூஞ்சி தெரியல எனக்கு. உனக்கும் என் மூஞ்சி தெரிஞ்சிருக்காது. அவ்வளவு பூ. இந்த வருஷம் மாதிரி நான் பாத்ததில்ல."

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. நான் எங்கயும் ஓடப்போறதில்ல. ஓடுனாலும் கதவத் திறக்க ஆள் வேணும்."

"நீங்க என்ன அடிக்கக் கை ஓங்குனீங்களா?"

அம்ப்ருஷ் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அவனைக் கிண்டல் செய்யவில்லை.

"இந்தக் கை கெட்டதிலேர்ந்து எத்தனையோ பேர் மேல கை ஓங்கணும்னு ஆசைப்பட்டிருக்கேன். ஒருத்தர் மேலயும் ஓங்கினதில்ல. ஒத்தக் கைக்காரன் ஓங்கிட்டு அப்புறம் எத வச்சுத் தடுக்கறது?"

"அப்ப நேத்து?"

"நேத்து நீ என்ன சொன்ன?"

"கைய வெளிய எடுக்கச் சொன்னேன்."

"ரெண்டு தடவ சொன்ன. ரெண்டாவது தடவ கொஞ்சம் மரியாதை கம்மி. சரி, போலீஸ்காரன், பயந்திருக்கான், காட்டிருவோம்னு நினைச்சேன். அது தானா வராது தம்பி. இந்தக் கை போய் அதக் கூட்டிட்டு வரணும்." தாடையால் கட்டுப் போட்ட கையைக் காட்டினார். "பாக்கெட்டு வாய் இறுக்கம். விரல உள்ள விட்டு, மணிக்கட்டப் பிடிச்சு, இழுத்துக்கிட்டு இருந்தேன். நீ சொன்னதத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேன். நீ கொஞ்சம் அவசரக்காரன்."

ஓஸ்ரென் கண்ணை மூடிப் பார்த்தான். மூடியதும் அந்த மாலை வழக்கம்போல வந்து நின்றது, இடது கை மார்பைத் தாண்டிக் குறுக்கே போயிற்று, பாக்கெட்டுக்குள் நுழைந்தது. ஆனால் இதுவும் இப்போது காதால் கேட்டதைச் செய்து காட்டுகிறதா, நிஜமாகவே பார்த்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவனுக்குள் எந்த வழியும் மிச்சமில்லை. வெளியேதான் இருந்தது: இந்தக் கட்டு, இந்தப் போர்வை மேல் கிடந்த கை, உடைந்த எலும்பு எந்தப் பக்கம் என்பது.

"அழாத" என்றார் அம்ப்ருஷ், கொஞ்சம் சங்கடத்தோடு. "குழம்பு ஆறுது பாரு."

கிண்ணம் காலியாகும் வரைக்கும் ஓஸ்ரென் ஊட்டினான். தண்ணீர் கொடுத்தான். போகும்போது மன்னிப்புக் கேட்டான். அம்ப்ருஷ் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "மூக்குல ஒரு பக்கம் அரிக்குது, அதப் பாத்துட்டுப் போ" என்றார்.

நாலு மணிக்கு அவன் புதிதாக ஒரு வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். பழைய மாதிரியைத் திறக்கவில்லை. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக வாக்கியங்களைத் தானே யோசிக்கவேண்டியிருந்தது. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. முடிக்க ஆறரை ஆகிவிட்டது. அரைப் பக்கம்கூட இல்லை. பக்கத்தில் நின்று படித்துப் பார்த்துவிட்டுத் திமேயா சாட்சிக் கையெழுத்தைப் போட்டாள்.

மிலுதீன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தார்.

"பாக்கெட்டில் இருந்த கையை வெளியே எடுக்கும்படி இரண்டு முறை உத்தரவிட்டேன். அவருடைய வலது கை செயல்படாதது. இடது கையால் அதை வெளியே எடுக்க முயன்றுகொண்டிருந்தார். அதாவது என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தார். அப்போது அவரை லத்தியால் அடித்து இடது காறை எலும்பை உடைத்தேன். அவர் கை ஓங்கியதைப் பார்த்ததாக எனக்கு நினைவிருக்கிறது. அப்படி ஒன்று நடக்கவில்லை."

"கடைசி ரெண்டு வரிய எடுத்துரு. பைத்தியக்காரன் எழுதுன மாதிரி இருக்கு."

"இருக்கட்டும் சார்."

"ஓஸ்ரென், இதுக்கு அடியில நான் என்ன எழுதணும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"நான் அத எழுதினதே இல்ல."

அவர் ஜன்னலைப் பார்த்தார். தக்காளி இலைகளின் மேல் நேற்றைய பூச்சிகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஆற்றுப் பக்கம் ஆட்கள் போர்வையும் குழந்தைகளுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், இன்றும் பூக்கும் என்று ஊரில் பேச்சு. மிலுதீன் பேனாவைத் திறந்து, "நியாயமற்றது" என்று கட்டத்துக்குள் எழுதினார். மெதுவாக, புதிதாக எழுதப் பழகுகிறவரைப் போல எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஓஸ்ரென் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியும் லத்தியும் விலங்குமாக மேஜை மேல் வைத்தான்.

"இது மேல போனா நிக்காது" என்றார் மிலுதீன். "பழைய பைல எல்லாம் எடுப்பாங்க. அந்தக் கை வாக்கியம். எத்தனை தடவ எழுதியிருக்க?"

"பத்தொன்பது."

மிலுதீன் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். அதிகாரியாகக் கேட்கவில்லை, தானும் ஒரு காலத்தில் அதே மாதிரி அறிக்கையை வைத்து எழுதிய ஒருவராகத்தான் கேட்டார்.

"அதுல எத்தனை பேர்டா நிஜமாவே ஓங்குனாங்க?"

ஓஸ்ரென் கண்ணை மூடினான். பஸ் நிலையத்துக் கழிப்பறை வாசல். கால்பந்து மைதானத்துப் படிக்கட்டு. கல்யாண மண்டபத்துப் பின்பக்கம், பாத்திரங்களுக்கு நடுவே. எல்லைச் சோதனைச் சாவடி, மழை. ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு இடத்திலும், நிதானமாக, விரல்களை விரித்துக்கொண்டு, ஒரு வலது கை எழும்பியது. அதற்குப் பின்னால் இருந்த மனிதனைப் பார்க்க அவன் எவ்வளவோ முயன்றான்.

"பத்தொன்பது கையும் ஞாபகம் இருக்கு சார்" என்றான். "ஒருத்தர் மூஞ்சிகூட ஞாபகம் இல்ல."